விழாக்களத்துக் குழந்தையும் காமிரா லென்சும்

காமிரா வாங்க விழைவார் பலரும் முதற்கண் வினவும் வினா, "இஃது எவ்வளவு தூரத்தை அருகே கொணரும்?" என்பதே. வினா பிழையன்று, ஆயின், நடை பயிலும் குழந்தையொன்றை விழாக்களத்தில் படம் பிடிக்க விரும்புவார்க்கு அது பொருந்தாத வினாவாம். அவர் வினவத்தக்கது, "எம் குழந்தை எம்மிடமிருந்து எத்தனை அடி விலகி நிற்கும்?" என்பது. இவ்விரு வினாக்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்கி, நம் கோவிற்பட்டிக் கரிசற் சீமையின் திருவிழாக் களங்களுக்கும், நம்மவர் சென்றுவரும் கேளிக்கைப் பூங்காக்களுக்கும் ஏற்ற லென்ஸ் யாதெனத் துணிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனைச் சிறுபொருளெனக் கருதுவாரும் உளர். கரிசற் காட்டில் உழைப்பார்க்கும் தீப்பெட்டித் தொழிலில் கைதேய்வார்க்கும் ஒரு லென்சின் விலை பல மாதச் சேமிப்பாகும். குழந்தையின் தளர்நடைப் பருவமோ சேமித்து வைக்க ஒண்ணாதது. ஒரு பங்குனியில் விரல் பற்றி நடந்த மகவு மறுபங்குனியில் ஓடும். அதற்கடுத்த பங்குனியில் கதை சொல்லும். பொருந்தாத லென்சை வாங்கினார் பொருளையும் பருவத்தையும் ஒருங்கே இழப்பர்.

நம் இலக்கணத்தார் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி எனப் பகுப்பர். முதலென்பது நிலமும் பொழுதும், உரியென்பது ஒழுக்கம். அம்முறையைத் தழுவி, படம் எடுக்கும் நிலம், எடுக்கும் பொழுது, எடுக்கப்படும் குழந்தையின் ஒழுக்கம் என்னும் மூன்றையும் ஈண்டு ஆராய்வாம். அதற்கு முன்னர், லென்சின் வரலாறும் இலக்கணமும் சிறிது அறிதல் வேண்டும்.

1. வரலாறு

1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுத் தாகேர் என்பார் கண்ட நிழற்பட முறை உலகிற்கு வெளியிடப்பட்டது. அக்காலத்துத் தகடுகள் ஒளியை மிக மெல்லவே ஏற்றமையின், படத்திற்கு அமர்வோர் நெடும்பொழுது அசையாதிருக்க வேண்டியதாயிற்று. தலை ஆடாவண்ணம் பின்னே இரும்புக் கவை நிறுத்துதலும் உண்டு. முதியோர் ஒருவாறு பொறுத்தனர். குழந்தையை எங்ஙனம் நிறுத்துவது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேனாட்டுப் படச்சாலைகளில் தாயானவள் தன்னைத் துணியால் முழுதும் போர்த்து, நாற்காலிபோல் அமர்ந்து, மடியிலுள்ள குழந்தையை அசையாமற் பிடித்திருப்பாள். அவ்வகைப் படங்கள் பல இன்றும் உள்ளன. அவற்றில் குழந்தை தெரியும். தாங்கிய தாயோ துணிக்குவியலாய்த் தோன்றுவாள்.

1840ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் கணிதப் பேராசிரியர் ஜோசப் பெட்ஸ்வால், மனிதரைப் படம் பிடித்தற்கெனவே பெரிய துவாரமுடைய லென்ஸ் ஒன்றை வகுத்தார். மிகுந்த ஒளி உட்புகவே, அசையாதிருக்க வேண்டிய காலம் பெரிதும் சுருங்கிற்று. பின்னர், ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கார் பர்னாக் என்பார், ஈளைநோயால் வருந்தியமையின், பெருங் காமிராவைச் சுமந்து திரிய இயலாதவராய்ச் சிறு காமிரா ஒன்றை ஆக்கினார். லைக்கா எனப்பட்ட அது 50 மி.மீ. லென்சுடன் 1925இல் விற்பனைக்கு வந்தது. 1959இல் வாய்க்லாண்டர் நிறுவனத்தார் வெளியிட்ட ஜூமார், 36 முதல் 82 மி.மீ. வரை காட்சியைச் சுருக்கவும் விரிக்கவும் வல்லதாய், ஜூம் லென்சுகளுக்கு வழிகாட்டிற்று. மிகுந்த ஒளி, குறைந்த எடை, மாற்றாமலே மாறும் காட்சி ஆகிய இம்மூன்று பேறுகளும் குழந்தையைப் படம் பிடிப்பார்க்கு இன்றும் இன்றியமையாதன.

2. லென்சின் இலக்கணம்

லென்சில் பொறித்த எண்களுள் தலையாயவை இரண்டு. ஒன்று, மி.மீ. கணக்கிற் குறிக்கப்படும் குவியத்தூரம். அது சிறுத்தால் அகன்ற காட்சியும், பெருத்தால் குறுகிய காட்சியும் கிட்டும். மற்றொன்று, எப் 2, எப் 5.6 என்றாற்போல் குறிக்கப்படும் துவார எண். குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வந்த ஈவே அதுவாதலின், எண் சிறுக்கத் துவாரம் பெருகும். எப் 5.6ஐ நோக்க எப் 2 ஏறக்குறைய எட்டு மடங்கு ஒளியைப் புகவிடும். இவ்வெட்டு மடங்கை நினைவிற் கொள்க. மாலைப் பொழுதைப் பேசுங்கால் அது பயன்படும்.

காமிராவினுள் ஒளியை ஏற்கும் சென்சார் பெரும்பான்மையும் இருவகையது. பெரியது 36க்கு 24 மி.மீ.; சிறியது ஏறத்தாழ 23.5க்கு 15.6 மி.மீ. சென்சாரின் நீளத்தைத் தூரத்தாற் பெருக்கிக் குவியத்தூரத்தால் வகுத்தால், படத்தில் எத்துணை உயரம் அடங்கும் என்பது தெரியும். பெரிய சென்சாரை நெட்டுவாக்கிற் பிடித்து, 50 மி.மீ. லென்சுடன் 2 மீட்டர் தூரத்தில் நின்றால் அடங்கும் உயரம் 1.44 மீட்டர். ஈராண்டுக் குழந்தையின் உயரம் சுமார் 86 சென்டிமீட்டர். ஆகவே, குழந்தை அடிமுதல் முடிவரை அடங்குவதுடன், அதன் கையிலுள்ள காற்றாடியும் அக்கையைப் பற்றிய தாயின் கையும் அடங்க இடமிருக்கும். 200 மி.மீ. லென்சால் இதே காட்சியைப் பெற 8 மீட்டர் விலகி நிற்றல் வேண்டும். சிறிய சென்சாருக்கு 50க்கு ஈடாவது ஏறத்தாழ 35 மி.மீ. எனக் கொள்க.

3. நிலம்

கோவிற்பட்டியில் செண்பகவல்லியம்மன் கோயிற் பங்குனிப் பெருவிழா, கழுகுமலையிற் பங்குனி உத்திரம், வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டியில் ஆகஸ்டு 15ஆம் நாள் பரலோக மாதா திருவிழா ஆகியவை நம் பகுதியின் பெருவிழாக்கள். இத்தகைய விழாக் காலங்களில் இராட்டினமும், குட்டி ரயிலும், காற்றடைத்த சறுக்கு மெத்தையும், பொம்மைக் கடையும் குழந்தைகளுக்கு ஏற்படுகின்றன. நிலையான கேளிக்கைப் பூங்காவை நாடுவோர் சுமார் 100 கிலோமீட்டர் வடக்கே மதுரைக்குச் சென்று, பரவையிலுள்ள அதிசயம் போன்ற பூங்காவைக் காண்பர். களம் எதுவாயினும் இரண்டு இயல்புகள் கருதத்தக்கன: நெருக்கமும் தூசியும்.

முதலாவது நெருக்கம். மேற்கூறிய 8 மீட்டர் இடைவெளி விழாக்களத்தில் வெற்றிடமாய்க் கிடப்பதன்று. தாய்மாரும், பலூன் விற்பாரும், பஞ்சுமிட்டாய் வண்டியும் இடையே வந்துகொண்டிருப்பர். படம் மறைதல் சிறு குறை. குழந்தை மறைதல் பெருங்கேடு. ஒரு கண்ணை மூடி மறு கண்ணைக் காமிராவில் பதித்து நிற்பவர், கூட்டத்தில் நான்கடி நகர்ந்த குழந்தையைக் காணார். 8 மீட்டருக்கு அப்பால் நின்று கூவினும் ஒலிபெருக்கி முழக்கத்திற் செவிப்படாது. ஆகவே, தனியே குழந்தையுடன் செல்வோர் நெட்டை லென்சைத் தொடவே கூடாதென்பது எம் துணிபு. இருவர் செல்லின், ஒருவர் கை குழந்தையின் கையில் இருத்தல் வேண்டும். அக்கையும் படத்தில் வீழ்தல் குற்றமன்று.

இரண்டாவது தூசி. கரிசல் மழையிற் களியாய்க் காலைப் பற்றும்; வேனிலில் வெடித்து, மக்களும் வண்டிகளும் மிதிக்க மிதிக்கப் பொடியாகும். பங்குனியில் அப்பொடி காலடியில் எழும். ஆகஸ்டிலோ, கயத்தாற்றுப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்றே அதனை வாரி இறைக்கும். இத்தகைய களத்தில் லென்சைக் கழற்றி வேறொன்றை மாட்டுதல், கண்ணிமையைத் திறந்து மண்ணைத் தூவுதற்கு ஒப்பாம். சென்சாரில் ஒட்டிய துகள் பின்னெடுக்கும் படந்தோறும் கரும்புள்ளியாய்த் தோன்றும். ஆதலின், வீட்டில் மாட்டிய லென்சுடனே சென்று அதனுடனே மீளல் நன்று. துடைக்க நேரின், முதலில் ஊதுகுமிழால் தூசியை அகற்றிப் பின்னரே மெல்லிய துணியைத் தொடுக. வேட்டி முனையாலும் முந்தானையாலும் உரனே தேய்த்தல் லென்சின் மேற்பூச்சைக் கீறும்.

4. பொழுது

நண்பகல் ஒளி நம் சீமையிற் பஞ்சமற்றது. வெயில் முழுதும் காயுங்கால், ஒளியுணர்வு 100, துவாரம் எப் 5.6 என அமைத்தால், ஷட்டர் ஏறத்தாழ 1/800 வினாடி திறந்தால் போதும். அவ்வேகத்தில் ஓடும் குழந்தையும் அசையாது நிற்பதுபோற் படும். ஆகவே, பகலுக்கு விலையுயர்ந்த பெருந்துவார லென்ஸ் வேண்டா.

பகலின் குறை வேறு. திருச்செந்தூரின் கடற்கரை மணலில் நிற்கும் குழந்தைக்கு, வெண்மணல் ஒளியைக் கீழிருந்து மேலே எறிந்து, புருவத்தின் கீழும் கன்னத்திலும் விழும் நிழலை மெலிவிக்கும். கரிசலோ ஒளியை உண்ணும் மண். உச்சிவெயிலில் அதன்மேல் நிற்கும் குழந்தைக்குக் கண்கள் இரண்டும் இருட்குழிகளாய்த் தோன்றும். எந்த லென்சும் இதனைத் தீர்க்காது. பந்தலின் விளிம்பிலோ வேப்பமர நிழலிலோ குழந்தையை நிறுத்துக. அல்லது, வெண்டுண்டு ஒன்றை மடியில் விரித்து அதன் எதிரே அமர்த்துக. நூற்றுக்கணக்கில் விலை பெறும் கருவி செய்யும் வேலையை அத்துண்டு செய்யும்.

மாலையே லென்சுக்குச் சோதனைக் காலம். சிறுகுழந்தையை வெயில் தாழ்ந்த பின்னரே களத்திற்கு அழைத்துச் செல்வது நம்மவர் வழக்கம். இராட்டினமும் விளக்கேற்றிய பின்னரே பொலிவுறும். அப்போது எப் 2இல் 1/500 வினாடி வேகம் கிட்டும் இடத்தில், எப் 5.6இல் 1/60 வினாடியே கிட்டும். முன்னர்க் கூறிய எட்டு மடங்கு ஈண்டே பயன்படுகிறது. ஒளியுணர்வை மேலும் உயர்த்தி ஒருவாறு ஈடுசெய்யலாம். ஆயின், உயர்த்துந்தோறும் படத்தில் மணல் தூவினாற்போலப் பொரிப்பொரியான பிசிறு மிகும். ஆதலின், மாலைக்கு வேண்டுவது பெரிய துவாரமேயன்றி நெடிய குவியத்தூரம் அன்று.

5. ஒழுக்கம்

குழந்தையின் ஒழுக்கத்தை நுனித்துக் கண்டவர் நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர். 3ஆம் திங்கள் முதல் 21ஆம் திங்கள் ஈறாக ஒற்றைப்பட்ட திங்கள்களிற் பத்துப் பருவங்களையும் அமைப்பது பாட்டியல் வழக்கு. நம் மாவட்டத்து ஸ்ரீவைகுண்டத்திற் பிறந்த குமரகுருபரர், மீனாட்சியம்மைக்கும் முத்துக்குமாரசுவாமிக்கும் பாடிய பிள்ளைத்தமிழ்களை யாம் வகுப்பிற் பயின்றபோது ஒன்று புலனாயிற்று. பருவந்தோறும் குழந்தைக்கும் பெற்றோர்க்கும் இடையிலுள்ள தூரம் மாறிக்கொண்டே செல்கின்றது. முத்தப் பருவத்தில் அது கைக்கெட்டும் தூரம். வருகைப் பருவத்தில் அழைத்தால் வந்தணையும் சில அடித் தூரம். சிறுதேர் உருட்டுங்கால் முற்றத்தின் அளவு. ஊசலில் அருகும் சேய்மையும் மாறி மாறி வரும். நடை பயிலும் குழந்தை விழாக்களத்தில் ஒரு நாழிகைக்குள் இத்தூரங்கள் அனைத்தையும் கடந்து மீளும். ஆயினும், அது தாயை விட்டு நெடுந்தொலை செல்வதில்லை. அரை மீட்டர் முதல் ஐந்து மீட்டர் வரையுள்ள இடமே அதன் உலகம். லென்ஸ் அவ்வுலகுக்கு உரியதாதல் வேண்டும்.

இனி வேகம். வினாடிக்கு 2 மீட்டர் ஓடும் குழந்தை 1/60 வினாடியில் 3.3 சென்டிமீட்டர் பெயரும். 1/500 வினாடியில் 4 மில்லிமீட்டரே பெயரும். முன்னையதில் முகம் இழுபடும், பின்னையதில் தெளிவுறும். மூன்று மீட்டர் ஆரமுடைய குதிரை இராட்டினம் 10 வினாடியில் ஒரு சுற்று வரின், அதன் விளிம்பின் வேகமும் ஏறத்தாழ இதுவே. சில லென்சுகளில் கைநடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பு உண்டு. வணிகர் அதனைப் பெரிதும் புகழ்வர். அது நம் கையின் நடுக்கத்தைத் தணிக்குமேயன்றிக் குழந்தையின் ஓட்டத்தைத் தணிக்காது. இதனை அறியாது ஏமாறுவார் பலர்.

பெரிய துவாரத்திற்கும் ஒரு குறையுண்டு. 50 மி.மீ. லென்சைப் பெரிய சென்சாருடன் எப் 1.8இல் திறந்து, ஒன்றரை மீட்டர் தூரத்திற் படம் பிடித்தால், முன்னும் பின்னுமாகத் தெளிவுறும் ஆழம் சுமார் 10 சென்டிமீட்டரே. நம்மை நோக்கி நடந்து வரும் குழந்தை அதனை நொடியிற் கடக்கும். காது தெளிந்து கண் மங்கிய படமே எஞ்சும். எப் 2.8க்குச் சுருக்கினால் ஆழம் 15 சென்டிமீட்டராகும்; எப் 4இல் 20க்கும் சற்று மிகும். ஆதலின், பெரிய துவாரம் இருப்பதனாலேயே எப்போதும் முழுதும் திறத்தல் தகாது.

6. லென்சுகளை நிறுத்துக் காண்டல்

மேற்கூறிய மூன்றையும் துலாக்கோலாகக் கொண்டு லென்சுகளை நிறுப்போம்.

மிக அகன்ற லென்ஸ், அஃதாவது பெரிய சென்சாரில் 20 மி.மீ.க்கும் குறைந்தது, இராட்டினம் முழுவதையும் கோபுரத்தோடு காட்டும். குழந்தையோ அதிற் கடுகாய்ச் சிறுக்கும். பெரிதாக்க அருகிற் சென்றால் மூக்கு பெருத்து முகம் திரியும். அத்திரிபு லென்சின் குற்றமன்று. அளவுக்கு மீறி அணுகியதன் விளைவு.

70 முதல் 300 மி.மீ. வரையுள்ள நெட்டை லென்ஸ் மேடை நிகழ்ச்சிக்கும் பறவைக்கும் உரியது. குழந்தை அறியாமல் தொலைவிலிருந்து எடுத்தால் இயல்பான முகம் கிட்டுமே என்பர் சிலர். அவர் கூற்றில் உண்மையுண்டு. திறந்த வெளியில் அது செல்லும். விழாக்களத்திலோ இடையே கூட்டம். மாலையில் ஒளிப் பஞ்சம். கையில் வீண் சுமை. குழந்தை காலைக் கட்டிக்கொள்ள ஓடிவந்தால், ஒன்றரை மீட்டருக்கு உட்பட்டதைத் தெளிவாகக் காட்ட இவ்வகையிற் பலவற்றால் இயலாது. குழந்தை நம்மை நோக்கி வரும் அந்த நொடியே எடுக்கத்தக்க நொடியன்றோ?

சிறிய சென்சார்க் காமிராவுடன் கடைக்காரர் சேர்த்தே தரும் 18 முதல் 55 மி.மீ. வரையுள்ள ஜூம் லென்ஸ் பலராலும் இகழப்படுவது. யாம் அதனை இகழோம். 18இல் இராட்டினமும், 35இல் அடிமுதல் முடிவரைக் குழந்தையும், 55இல் ஐந்து மீட்டர் அப்பால் வேலிக்குள் குதிரைமேல் அமர்ந்த உருவமும் அடங்கும். பகலில் அதற்கு மேல் ஒன்றும் வேண்டா. பெரிய சென்சாருடையார்க்கு 24 முதல் 70 அல்லது 105 வரையுள்ளது இதற்கு ஈடாகும். தூசிக் களத்தில் மாற்றாமலே பயன்படுதல் இவற்றின் தனிச்சிறப்பு.

மாலைக்கு இதன் துவாரம் போதாது. அதற்குச் சிறிய சென்சாரில் எப் 1.8 உடைய 35 மி.மீ. லென்சும், பெரிய சென்சாரில் அதே துவாரமுடைய 50 மி.மீ. லென்சும் தக்கவை. இத்தகைய 50 மி.மீ. லென்சுகளுள் 200 கிராமுக்கும் குறைந்த எடையுடையனவும் உள. விலையும் பெருந்துவார ஜூமை நோக்க மிகக் குறைவு. காட்சியைச் சுருக்கவும் விரிக்கவும் இவற்றால் இயலாதெனின், இரண்டடி முன்னும் பின்னும் நடக்கக் கால்கள் உளவே.

ஆகவே எம் துணிபு இது: காமிராவுடன் வந்த ஜூம் இருப்பின், பகலுக்கென வேறு லென்ஸ் வாங்கற்க, மாலைக்கெனப் பொருள் செலவிட இயலின், நெட்டை லென்சை விடுத்து, சிறிய பெருந்துவார லென்ஸ் ஒன்றனை வாங்குக. எப்பொழுதிற் செல்கின்றோமோ அப்பொழுதுக்குரியதை வீட்டிலேயே மாட்டிச் செல்க.

காமிரா இல்லாதார் வருந்துதல் வேண்டா. கைப்பேசியின் முதன்மை லென்ஸ் பெரிய சென்சாரின் 24 முதல் 28 மி.மீ. லென்சுக்கு ஏறத்தாழ ஈடான அகலமுடையது. அதனைக் குழந்தையின் முகத்தருகே நீட்டாமல், ஒன்றரை மீட்டர் விலகி நின்று, பகலிலும் விளக்கருகிலும் எடுத்தால் நல்ல படம் கிட்டும்.

7. கையாளும் முறை

லென்சைத் தெரிந்த பின், அதனை எவ்வுயரத்திற் பிடிப்பது என்பது அடுத்த வினா. நின்றபடியே எடுப்பார்க்குக் குழந்தையின் உச்சந்தலையும் கரிசல் மண்ணுமே கிட்டும். முழந்தாளிட்டுக் குழந்தையின் கண்மட்டத்திற்கு இறங்குக. கோவிற்பட்டிக்கு அண்மையிலுள்ள இடைச்செவலிற் பிறந்த கு. அழகிரிசாமி, 'ராஜா வந்திருக்கிறார்' முதலிய கதைகளில் சிறுவரின் உலகத்தை அவர்தம் உயரத்தில் நின்றே கண்டார். அவ்வுயரத்திலிருந்து நோக்கினால் இராட்டினம் உண்மையிலேயே வானளாவும். பொம்மைக் கடை ஒரு நகரமாகும்.

இராட்டினம் ஒரே வழியில் மீண்டும் மீண்டும் வருவது. ஆதலின், முதற் சுற்றில் எடுக்க விரையாது, விளக்கொளி நன்கு விழும் ஓரிடத்தைத் தெரிந்து, அவ்விடத்திற்கு லென்சை முன்னரே தெளிவுபடுத்திக் காத்திருக்க. குதிரை குறுக்கே ஓடுங்காலத்தினும் நம்மை நோக்கித் திரும்புங்காலத்தில் படத்திற் பெயர்ச்சி குறையும். இராட்டினத்தில் உடன் ஏறுவோர் காமிராவைக் கீழே மற்றவரிடம் தந்து ஏறுக. ஏறியபின் இரு கைகளும் குழந்தைக்கு உரியன. பிறர் குழந்தைகள் படத்தில் வீழ்ந்திருப்பின், அவர்தம் பெற்றோர் இசைவின்றி அதனைப் பலரறியப் பரப்புதல் அறமன்று.

8. முடிவு

கரிசல் நிலம் தூசியும் நெருக்கமும் உடையது. அதன் பகல் ஒளி மிக்கது, மாலை ஒளி குறைந்தது. குழந்தையோ ஐந்து மீட்டருக்குள் ஓயாது இயங்குவது. இம்மூன்றும் ஒருமுகமாய்க் காட்டுவது, எடை குறைந்து, துவாரம் பெருத்து, அண்மையை நன்கு காணும் லென்சையே. தொலைவை அருகே கொணரும் ஆற்றலுக்குப் பெரும்பொருள் ஈந்து, அருகிலிருக்கும் மகவை விட்டுத் தொலைவிற் சென்று நிற்பதால் வரும் பயன் யாது?

பண்டைப் படச்சாலையில் குழந்தையை அசையாமற் காக்கும் பொருட்டுத் தாய் துணிக்குள் மறைந்தாள். இன்றைய லென்ஸ் ஓடும் குழந்தையையும் நொடியிற் பற்ற வல்லதாதலின், அவள் மறைய வேண்டுவதில்லை. குழந்தையின் விரலைப் பற்றிய அவள் கையும், மிட்டாய்க்கு நீண்ட அதன் கையும், பின்னே சுழலும் இராட்டினமும் ஒரே படத்தில் அமையும் தூரத்தில் நின்று எடுப்போமாக. அப்படத்தைப் பின்னாளிற் காணும் மகவு, தான் எங்கே நின்றது என்பதோடு, எவர் கைப்பிடித்து நின்றது என்பதையும் அறியும்.